கழுத்தைப் பற்றிச் சட்டத்தில் இல்லை

மருதங்காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. போன கோடையில் எருமைகள் அதில் இறங்கிப் புரண்டன. பாதித் தண்ணீர் சேறாகிப் போனது. மழை வரும்வரை காடே நாக்கு வறண்டு தவித்தது.

அதனால் இந்தக் கோடை தொடங்கும்போதே எல்லா விலங்குகளும் கூடி ஒரு சட்டம் போட்டன. தண்ணீரின் ஓரமாகக் கற்களை வரிசையாக வைத்தன. "மழை வரும்வரை நாலு கால் உள்ள எவரும் இந்தக் கல்லைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மூன்று நாள் தண்ணீர் கிடையாது. யானைக்கும் இதுதான், எலிக்கும் இதுதான்."

நல்ல சட்டம்தான். எருமைகள்கூடக் கரையில் நின்றே குடித்தன.

வழக்குக் கேட்கச் செவலை என்ற இளம் கீரியைப் பாறை மேல் உட்கார வைத்தார்கள். காட்டின் நாற்பது சட்டங்களையும் வார்த்தை பிசகாமல் சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வளையில் பிறந்த சின்னப் பிராணி எதுவும் அதற்கு முன் அந்தப் பாறையில் ஏறியதில்லை. செவலையின் அம்மா எதிரில் வந்தவரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். செவலைக்கோ உள்ளூரப் பயம். ஒரு வார்த்தை தப்பினாலும், "வளையில் பிறந்ததுக்கு இவ்வளவுதான் வரும்" என்று சொல்லிவிடுவார்களே! ஆகவே சட்டத்தில் உள்ளதற்கு ஒரு சொல் கூடுதலாகவும் பேசமாட்டான், குறைவாகவும் பேசமாட்டான்.

பாறையில் இருப்பவர் நடுவில் எழுந்து போகக் கூடாது என்பது வழக்கம். தினமும் ஒரு மந்தி மரக்கிளையில் தொங்கியபடி தேக்கிலையில் தண்ணீர் மொண்டு வந்து அவனுக்குக் கொடுக்கும்.

சித்திரை வெயில் ஏறியது. குளம் சுருங்கியது. கற்கள் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன.

ஒரு நாள் காலையில், குளத்துக்குக் காவலிருந்த ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே வந்தது. "கல்லுக்கு அந்தப் பக்கம் காலடி! முள்ளாயியோட காலடி!"

முள்ளாயி ஒரு முள்ளம்பன்றி. வயிற்றோடு ஒண்டிக்கொண்ட குட்டியுடன் பாறையின் முன் வந்து நின்றாள்.

"தாண்டினாயா?" என்றான் செவலை.

"தாண்டினேனுங்க ஐயா."

"சட்டம் தெரியாதா?"

"தெரியும். என் கழுத்துக்கு எட்டலைங்க. தண்ணி அவ்வளவு தூரம் உள்ள போயிருச்சு."

செவலை நாற்பது சட்டங்களையும் மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். "கழுத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. காலைப் பற்றித்தான் இருக்கிறது. மூன்று நாள்."

"எனக்கு இல்லாட்டிப் போகுதுங்க. வாயில மொண்டு போய் இதுக்குத்தான் ஊத்துறேன். இது மூணு நாள் தாங்காது."

செவலை குட்டியைப் பார்க்கவில்லை. "இன்றைக்கு உனக்கு இரங்கினால், நாளைக்கு எருமை வந்து நிற்கும். மூன்று நாள்."

கொம்பன் யானை தும்பிக்கையை ஆட்டி மெச்சினான். "அப்படிச் சொல்லுங்க. ஆள் பார்க்காத தீர்ப்புன்னா இதுதான்."

செவலையின் முதுகு தானாக நிமிர்ந்தது.

மறுநாள் மந்தி வரவில்லை. உள்ளங்கையில் கருவேல முள் ஏறிவிட்டதாம். உச்சிவேளையில் வழக்குகள் முடிந்ததும், தொண்டை எரியச் செவலை தானே குளத்துக்கு நடந்தான். பாறையேறிய பிறகு அவன் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

கல்லின் மேல் நின்று கழுத்தை நீட்டினான். எட்டவில்லை. அடுத்த கல்லுக்குப் போனான். பின்கால்களால் கல்லைப் பற்றிக்கொண்டு வயிறு சேற்றில் படக் கிடந்து நீட்டினான். நாக்கு வெறும் காற்றைத்தான் நக்கியது.

மூக்குக்கு நேரே முள்ளாயியின் காலடிகள் காய்ந்து கிடந்தன. போகும்போது நாலு, வரும்போது நாலு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தண்ணீர் துளியும் கலங்கியிருக்கவில்லை.

செவலை தலையை உயர்த்தினான். ஆள்காட்டிக் குருவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அது கத்தும் என்று காத்திருந்தான். அது கத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நாலு எட்டு வைத்தான். வயிறு முட்டக் குடித்தான். திரும்பி வந்து, தன் புசுபுசு வாலால் சேற்றைத் தடவித் தடவித் தன் காலடிகளை அழித்தான். தன்னுடையதை மட்டும்.

"ஐயா," என்று காரைப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. முள்ளாயி. "அழிச்சதுதான் அழிச்சீங்க. பக்கத்துல என்னுதும் இருந்துச்சு. அதையும் ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம்."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அவள் காலடியில் குட்டி கண்ணை மூடிக் கிடந்தது. அதன் நாக்கு ஓரமாக வெளியே தொங்கியது.

செவலைக்கு வால் நுனியிலிருந்து காதுவரை சுட்டது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் கூசியது.

"குட்டியைத் தூக்கிட்டு வாங்கம்மா," என்றான்.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்குங்களே."

"வாங்கம்மா."

குட்டிக்கு முதலில் விழுங்க வரவில்லை. கடைவாய் வழியாக வழிந்தது. மூன்றாம் வாய்தான் உள்ளே இறங்கியது.

அன்று மாலை செவலை எல்லாரையும் கூப்பிட்டான். பாறையில் ஏறாமல் கீழே நின்று, நடந்ததைச் சொன்னான். வாலால் அழித்ததையும் சொன்னான்.

"சட்டம்னா சட்டம்தானே," என்றான் கொம்பன். "நான்கூடக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்னுதானே குடிக்கிறேன்?"

"உங்க கால்தான் இந்தப் பக்கம். தும்பிக்கை குளத்து நடுவுல இருக்கு," என்றான் செவலை.

கொம்பன் தன் தும்பிக்கையை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு முயல் சொன்னது: "நாங்க எல்லாம் இத்தனை நாளா விடிகாலையில புல்லுல இருக்கிற பனியைத்தான் நக்கிட்டுக் கிடக்கோம்."

"ஏன் வந்து சொல்லலை?" என்றான் செவலை.

"பாறை மேல நம்ம ஆளுதானே இருக்காரு. அவரு கழுத்தும் நம்ம கழுத்து மாதிரிதானே. எட்டலைன்னா அவருக்குத் தெரியாமலா இருக்கும்னு இருந்துட்டோம்."



அன்றே பெரிய கால்களுக்குப் பழைய கல்வரிசை என்றும், சின்னக் கழுத்துகளுக்குத் தண்ணீரை ஒட்டி இன்னொரு வரிசை என்றும், எட்டாமல் தாகத்துக்குக் கால் வைத்தது குற்றமில்லை என்றும் முடிவானது. குளம் சுருங்கச் சுருங்க அந்தச் சின்னக் கற்களைத் தள்ளி வைக்கும் வேலையைச் செவலை கேட்டு வாங்கிக்கொண்டான். அதோடு தனக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை என்றும் சொன்னான்.

"தாகத்துக்குக் கால் வெச்சது குத்தமில்லைன்னு இப்பத்தானே முடிவாச்சு?" என்றது ஆள்காட்டிக் குருவி.

"இது கால் வெச்சதுக்கு இல்லை. அழிச்சதுக்கு."

நாலாம் நாள் செவலை தள்ளாடிக்கொண்டு குளத்துக்கு வந்தான். புது வரிசையில் முள்ளாயியின் குட்டி குடித்துக்கொண்டிருந்தது. அவனைக் கண்டதும் ஓடி அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொண்டது. முள்ளாயி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். செவலை தலையை நிமிர்த்தாமலே குடித்தான்.

எல்லாருக்கும் ஒரே அளவாகப் போட்ட சட்டமானாலும், அது எல்லாருக்கும் எட்டுகிறதா என்று குனிந்து பார்க்காதவரை அது நீதி ஆகாது.