யானை சுற்றி முடிக்கும் முன்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னருக்கு முறையீடு என்ற சொல்லே கசந்துபோனது. குளிக்கப் போனால் படித்துறையில் ஒருவன், சாப்பிட உட்கார்ந்தால் வாசலில் ஒருவன், "தீர்ப்பு தவறு, மறுபடி விசாரியுங்கள்" என்று நின்றார்கள். ஒருநாள் பாயசத்தில் கை வைத்த நேரம் பார்த்து வெளியே அழுகுரல் கேட்டது. இலையைத் தள்ளிவிட்டு எழுந்த மன்னர் ஊரெங்கும் முரசு அறையச் சொன்னார். "முரசறைந்து சொன்ன எந்தத் தீர்ப்பும் முதலில் நிறைவேற வேண்டும். அதன் பிறகே முறையீடு. தவறென்று தெரிந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்." இதுதான் புதுச் சட்டம்.

அமைச்சர் மழவராயர் இதை வாயாரப் புகழ்ந்தார். ஏன் புகழமாட்டார்? நில வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவரே அவர்தான். தப்புச் செய்கிற ஆளுக்கு இதைவிட வசதியான சட்டம் கிடைக்குமா?

அந்த மாதமே பூவாயி என்ற உழவுப் பெண்ணின் வயல் மழவராயரின் மைத்துனனுக்கு என்று முரசறைந்து தீர்ப்பானது. அந்த நாட்டு வழக்கப்படி, நிலம் கைமாறும் நாளில் ஒரு பெண் யானையை அதன் எல்லையோரமாக நடத்துவார்கள். புறப்பட்ட இடத்துக்கே யானை திரும்பி வந்து சேர்ந்தால் நிலம் புதியவனுடையது.

யானை புறப்பட வேண்டிய அன்று காலையில் பூவாயி அரண்மனை விகடகவி சாத்தப்பனின் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஐயா, நெலம் போனா போவுது, அப்புறமா வழக்காடி வாங்கிக்கலாம். ஆனா வடக்கு மூலையில எம் மவ கெடக்கா. காய்ச்சல்ல போனவ. யானை சுத்தி முடிச்சதும் அந்த எடத்துலதான் தாமரைக்குளம் வெட்டப் போறாங்க. மம்பட்டியோட ஆளுங்க வந்து நிக்கிறாங்க. தோண்டிப் போட்டப்புறம் தீர்ப்பு எனக்கே வந்தாலும், எம் புள்ளைய எந்த மண்ணுல தேடுவேன்?"

எதற்கெடுத்தாலும் ஒரு வேடிக்கை சொல்கிற சாத்தப்பன் அன்று "நீ வயலுக்குப் போம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சபைக்கு விரைந்தான்.

அவன் முகத்தைப் பார்த்ததுமே மழவராயர் முந்திக்கொண்டார். "மன்னா, இவன் அந்த வயல் தீர்ப்பை நிறுத்தச் சொல்லி வந்திருக்கிறான்."

"நிறைவேறாத தீர்ப்பைப் பற்றி இங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது" என்றார் மன்னர்.

"திறக்கவில்லை, மன்னா. அதற்கு முந்திய தீர்ப்பு ஒன்று நிறைவேறாமல் கிடக்கிறது. அதை நிறைவேற்றிக்கொள்ளவே வந்தேன்" என்ற சாத்தப்பன், மேலாடையை எடுத்துவிட்டு அரியணைப் படியில் தலையை வைத்தான்.

"இது என்ன விளையாட்டு?"

"விளையாட்டில்லை, மன்னா. போன வசந்த விழாவில் தாங்கள் பாடியபோது நான் கொட்டாவி விட்டேன். 'இவன் தலையை வெட்டுங்கள்' என்று சபையறியச் சொன்னீர்கள். மழவராயர் அப்போதே போய் முரசும் அறைவித்தார். மாலைக்குள் தங்கள் கோபம் தணிந்துவிட்டது. தீர்ப்பை யாரும் மாற்றவில்லை."

மழவராயருக்கு வாயெல்லாம் பல். "உண்மை, மன்னா! முரசறைந்த தீர்ப்பு. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? வாள்வீரனை அழைக்கட்டுமா?"

மன்னர் பதில் சொல்லுமுன்பே வாள்வீரனும் வந்து நின்றான்.

"அன்று ஏதோ கோபத்தில் சொன்னேன். அது தவறு" என்றார் மன்னர்.

"தவறா இல்லையா என்பது முறையீடு, மன்னா. முறையீடு பிறகுதான். முதலில் வெட்டட்டும். தவறென்று தெரிந்தால் சரிசெய்துகொள்ளலாம்."

சாத்தப்பன் நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. பிடிவாதக்கார மன்னர் தலையசைத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அப்படியும் அவன் படியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வெட்டிய தலையை யாரப்பா ஒட்டவைப்பது?" மன்னர் அரியணையிலிருந்து எழுந்துவிட்டார். "நிறுத்துங்கள்! இவன் சொல்வதை நான் கேட்கும்வரை வாள் உறையிலேயே இருக்கட்டும்."

சாத்தப்பன் மெல்லத் தலையைத் தூக்கினான். "இந்த உத்தரவைத்தான் மன்னா, கேட்க வந்தேன். எனக்காக இல்லை."

பிறகு பூவாயியின் மகள் கிடக்கும் வடக்கு மூலையையும், அங்கே காத்திருக்கும் மண்வெட்டிகளையும் பற்றிச் சொன்னான். குளம் யாருக்காக என்பதையும் மறைக்கவில்லை. மன்னர் தலை குனிந்தார். ஒரு பாயசத்துக்காகப் போட்ட சட்டம் எங்கே போய் நிற்கிறது என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த வயலுக்கும் அதே உத்தரவு" என்றார். "அவள் சொல்வதை நானே கேட்பேன். அதுவரை அங்கே ஒரு கைப்பிடி மண்ணைக்கூட யாரும் எடுக்கக் கூடாது. அமைச்சரே, அதுவரை உமக்கும் ஓய்வு."

பிறகு சாத்தப்பனைப் பார்த்தார். பயம் தெளிந்த சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "பாவி, உன் கழுத்தை வைத்தா என்னிடம் வாதாடினாய்! என்ன பரிசு வேண்டும், கேள்."

"தங்கள் குதிரை, மன்னா. இப்போதே வேண்டும். யானை நடந்துகொண்டிருக்கிறது."

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். விரலிலிருந்த முத்திரை மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்.

சாத்தப்பனுக்குக் குதிரையேற்றம் தெரியாது. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டே போனான். வயலை நெருங்கியபோது யானை மூன்று எல்லைகளையும் கடந்து நான்காவதில் பாதி வந்திருந்தது. "நிறுத்து! மன்னர் உத்தரவு!" என்று மோதிரத்தைத் தூக்கிக் காட்டியபடியே வரப்பில் உருண்டு விழுந்தான். பாகன் யானையை நிறுத்தினான். மண்வெட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூவாயி வடக்கு மூலையில் அந்தச் சின்ன மேட்டை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நெலம் எனக்குன்னு ஆயிடுச்சாய்யா?"

"அது இன்னும் தெரியாதம்மா. நீ சொல்வதை மன்னரே கேட்கப் போகிறார். அதுவரை எல்லாம் இருக்கிறபடியே இருக்கும்."

"அப்ப மம்பட்டி?"

"தொடாது."

வழக்கு பிறகு நடந்தது. மைத்துனனின் சாட்சிகள் பொய்யென்று வெளிப்பட்டு, நிலமும் அவளுக்கே ஆனது. அன்று அவளுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் கேட்டது நிலத்தையும் அல்ல. யானை வந்த வழியே திரும்பிப் போவதைக் கண் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேட்டின் மேல் கையை வைத்து, "போயிட்டாங்க கண்ணு. நீ தூங்கு" என்றாள்.