மண்ணாங்கட்டி மகாராஜா

முன்னொரு காலத்தில், கண்ணாடியில் முகம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ராஜா ஒருவர் இருந்தார். வெண்கலத்தில் தம்மைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒருநாள் ஆசை வந்துவிட்டது. ராஜாவுக்கு ஆசை வந்தால் ஊருக்குக் காய்ச்சல் வரும் என்பது தெரிந்த சங்கதிதானே.

அரண்மனை விகடன் வெள்ளியம்பலம், தன் சிநேகிதர் வீரபத்திர ஆசாரியைக் கைகாட்டினான். ஆசாரி மெழுகில் ராஜாவைச் செய்தார். மேலே மண் பூசி உலர்த்தினார். சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றினார். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை தயார்.

தன் ஆளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லையே என்று பிரதானி சேதுராயருக்கு வயிறு எரிந்தது. "பிரபு, மண்ணுக்குள் இருப்பது தங்கள் திருமேனி. அதன்மேல் சுத்தியல் விழலாமா?" என்று ராஜாவின் காதைக் கடித்தார். ராஜா பதறிப்போய் ஆணையிட்டார்.

"மண்ணை உடைப்பவன் கை துண்டிக்கப்படும்! நாளை உச்சிப்பொழுதுக்குள் சிலை சபைக்கு வராவிட்டாலும் ஆசாரியின் கை போகும்!"

ஆசாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "தேங்காய உடைக்காம பருப்ப எடுன்னா நான் எங்கப்பா போவேன்? கை போனா அப்புறம் நான் என்ன ஆசாரி?"

"வண்டியக் கட்டுய்யா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான் வெள்ளியம்பலம்.

மறுநாள் மாலை போட்டு, குடை பிடித்து, ஒரு முழ உயர மண் உருண்டை சபைக்கு வந்தது. வெள்ளியம்பலம் அதன் காலில் விழுந்தான். எந்தப் பக்கம் கால் என்று தெரியாததால் சுற்றிச் சுற்றி விழுந்தான்.

"என்ன மண்ணாங்கட்டி இது?" என்று ராஜா சீறினார்.

"தங்கள் சிலை, பிரபு. ஆணைப்படி உடைக்காமல் கொண்டுவந்தோம்."

சேதுராயர் துள்ளி எழுந்தார். "பொய்! வெண்கலத்தை விழுங்கிவிட்டார்கள். உள்ளே சிலையே இல்லை!"

"இல்லை என்று எப்படிக் காட்டுவீர்கள், பிரதானியாரே?" என்றான் வெள்ளியம்பலம்.

"இப்படித்தான்!" என்று காவலனின் தண்டத்தைப் பிடுங்கி ஓங்கி ஒரு போடு போட்டார்.

மண் பிளந்தது. ஆசாரிக்கு மூச்சே நின்றுவிட்டது. வெண்கலம் உள்ளே முழுதாக ஓடியிருக்கிறதா என்பது உடைக்கும்வரை வார்த்தவனுக்கே தெரியாதே! மூக்கு வந்திருந்தது, மீசை வந்திருந்தது, கிரீடத்தின் கடைசி மணிவரை வந்திருந்தது. "அப்பாடா!" என்று அவர் விட்ட மூச்சு சபை முழுக்கக் கேட்டது.

அப்புறம்தான் எல்லார் கண்ணும் பிரதானியின் கைக்குத் திரும்பியது. தண்டம் தானாகவே நழுவிக் கீழே விழுந்தது.

"பிரபு, அந்தக் கையை வெட்டவேண்டாம்" என்றான் வெள்ளியம்பலம். "சிலையைப் புளி போட்டுத் துலக்க ஆள் வேண்டுமே!"

ராஜா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "வெள்ளிதோறும் துலக்கும், பிரதானியாரே!" என்று சொல்லி, தம் பொற்காப்பைக் கழற்றி விகடனுக்குக் கொடுத்தார். அவன் அதை ஆசாரியின் மணிக்கட்டில் மாட்டினான்.

"நேற்றிலிருந்து இந்தக் கை ஆசாரியுடையதா, தங்கள் வாளுடையதா என்றே தெரியாமல் இருந்தது, பிரபு. இனி அடையாளம் இருக்கட்டும்."

ஆசாரி அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேதுராயர் துலக்கத் துலக்க வெண்கல ராஜா பளபளத்தார். நிஜ ராஜாவோ, அதன்பிறகு யார் கையையும் கேட்கவில்லை.