செவ்வாய்க்கிழமை அளந்த தெரு

ஒரு சிறு நகரத்தில் கீழக்கடைத் தெரு என்று ஒரு கடைவீதி இருந்தது. பஸ் நிலையம் ஊருக்கு வெளியே போனபிறகு அங்கே கூட்டம் குறைந்துவிட்டது. சாக்கடை வழிந்தது. தெருவிளக்குகளில் பாதி எரியவில்லை. ஆனாலும் வாரத்தில் ஆறு நாள் வியாபாரம் நடந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் எல்லாக் கடைகளுக்கும் விடுமுறை.

மைதீன் பிச்சையின் பூட்டுக்கடை வாசலில் ஒரு கருங்கல் படி இருந்தது. கடை திறப்பது காலை பத்து மணிக்கு. அதுவரை படி பூக்காரி செண்பகவடிவுக்கு. பத்து மணி ஆனதும் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு, படியைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, பாய் வீட்டுக்கு ஒரு முழம் பூவும் கொடுத்துவிட்டுப் போவாள். பக்கத்துப் படியில் கீரை, அதற்கடுத்த படியில் குடை ரிப்பேர். வாடகை கிடையாது, எழுத்துப் பத்திரம் கிடையாது. கடை அடைக்கும் செவ்வாயன்று இவர்களும் வருவதில்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் நகராட்சி ஊழியர் ஒருவர் பூட்டு வாங்க வந்தார். சுருட்டிய வரைபடத்தையும் அளவு நாடா இருந்த பையையும் படியோரம் சாய்த்து வைத்தார்.

"நாளைக்கு இன்ஜினியர் வந்து சிவப்புப் பெயிண்ட்ல அடையாளம் போடுவார், பாய். அடுத்த வாரம் படியெல்லாம் உடைச்சிருவாங்க. தெருவைப் புதுசா மாத்தப் போறோம்."

"நாளைக்கு லீவாச்சே?"

"அதுதான் வசதி. ஆள் இடைஞ்சல் இருக்காது. 'நடமாட்டமில்லை, உயிரற்ற வீதி'ன்னு அறிக்கையிலேயே போட்டாச்சு."

பாய் பூட்டு எடுக்க உள்ளே திரும்பினார். கீழே வரைபடம் படியிடம் பேசிற்று.

"இந்தத் தெருவைப் பிழைக்கவைக்க வந்திருக்கிறேன்."

"சந்தோஷம். என்னை எங்கே வரைந்திருக்கிறாய்?"

"உன்மேல் சிவப்புக் கோடு. அகற்ற வேண்டியது என்று பொருள்."

"வடிவு எங்கே உட்காருவாள்?"

"அப்படி யாரும் என்னிடம் இல்லை. மரம் இருக்கிறது, பூந்தொட்டி இருக்கிறது, ஏழு பேர் நடந்துபோகிறார்கள்."

"யார் அந்த ஏழு பேர்?"

"தெரியாது. முகம் வரையவில்லை."

மேலே சுருண்டிருந்த ஷட்டர் கடகடவென்று சிரித்தது.

"சிரிக்காதே," என்றது வரைபடம். "எல்லாம் அளந்து எழுதியது. வேண்டுமானால் நாடாவைக் கேள்."

நாடா பைக்குள் நெளிந்தது. "நான் அளந்தது ஒரு செவ்வாய்க்கிழமை," என்றது மெதுவாக. "அகலத்தைச் சரியாகத்தான் அளந்தேன். ஆட்களை எண்ணினார்கள். ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது."

ஷட்டரின் சிரிப்பு நின்றது. "நான் தூங்கும்போது வந்து பார்த்துவிட்டு, செத்துவிட்டேன் என்று எழுதினாயா? நாளைக்கு வா. நான் தூங்கப் போவதில்லை."

அன்று சாயங்காலம் பாய் கொக்கிக் கம்பியை மாட்டி ஷட்டரை இழுத்தார். இறங்கவில்லை. தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. எதிரே பாத்திரக்கடை சுடலையாண்டி அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன பாய், ஊருக்கே பூட்டு விக்கீரு, ஒம்ம கடையைப் பூட்ட முடியலியோ?"

சிரித்துவிட்டுத் தன் ஷட்டரை இழுத்தார். அதுவும் இறங்கவில்லை. அந்த வரிசையிலும் எதிர்வரிசையிலும் ஒன்றுகூட இறங்கவில்லை.

திறந்த கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது? எல்லோரும் அங்கேயே தங்கினார்கள். விடிந்ததும், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று வியாபாரத்தைத் தொடங்கினார்கள். செய்தி பரவி வடிவு வந்தாள். கீரையும் குடையும் வந்தன. செவ்வாயன்று கடை திறந்திருக்கும் அதிசயத்தைப் பார்க்க ஊரும் வந்தது.

ஒன்பது மணிக்கு இன்ஜினியர் ஜெபமணி வந்தார். ஜீப் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. பெயிண்ட் டின்னும் வரைபடமுமாக இடிபட்டு நடந்து வந்தார்.

"இன்னைக்கு லீவுதானே?"

"எங்களுக்கு லீவுதான், சார்," என்றார் பாய். "ஷட்டருதான் கேக்க மாட்டேங்குது."

வடிவு படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "வாங்க சார். தெரு செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீகளாமே? துட்டி வீட்டுக்கு வெறுங்கையோடயா வருவாக? மாலை கட்டித் தரவா?"

கூட்டம் சிரித்தது. இன்ஜினியரின் முகம் சிவந்தது. "நல்லதுக்குத்தாம்மா செய்யுறோம். சாக்கடை, விளக்கு எல்லாம் வரும்."

"வரட்டும். யாரு வேண்டாம்னா? உக்காந்த எடத்துல இருந்தே பாக்கேன்."

"வரைபடத்துல இந்தப் படிக்குச் சிவப்புக் கோடுதான். காட்டுறேன், பாருங்க."

விரித்தார். ஆனி மாதக் காற்று காகிதத்தைப் பிடுங்கியது. ஜீப் தெருமுனையில் நின்றது. கடை மேசைகளில் ஆட்கள் மொய்த்தார்கள். வடிவு ஓரமாக நகர்ந்து கூடையைத் தள்ளிவைத்தாள்.

"இதுல விரிங்க."

பாய் நான்கு மூலைக்கும் நான்கு பூட்டு எடுத்து வைத்தார். வரைபடம் படியின்மேல் மல்லாந்து கிடந்தது.

"சௌகரியமாக இருக்கிறதா?" என்று கேட்டது படி.

வரைபடம் பூட்டுகளுக்கு அடியில் நெளிந்தது.

இன்ஜினியர் விரலை ஓட்டிப் பூட்டுக்கடையைத் தேடினார். சிவப்புக் கோட்டில் விரல் நின்றது. கோட்டுக்கு அடியில் காகிதம். காகிதத்துக்கு அடியில் அதே படி.

"பெயிண்ட் அடிங்க சார்," என்றாள் வடிவு. "ஒங்க காகிதத்தை எடுத்தாத்தான் கல்லு தெரியும். எடுத்தா அதை எங்க வைப்பீக?"

இன்ஜினியர் நிமிர்ந்து தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். யாரோ அவர் தோளை இடித்துக்கொண்டு கீரைக்குப் போனார்கள். அவர் டின்னின் மூடியை அழுத்தி மூடினார்.

"நாளைக்கு வாரேன். மறுபடி அளக்கணும்."

பூட்டுகளை எடுத்ததும் வரைபடம் தானாகவே சுருண்டுகொண்டது. அதனிடம் படி சொன்னது:

"தாராளமாக வா. ஆனால் என்மேல் விரிய வேண்டுமென்றால் பத்து மணிக்கு மேல் வா. அதுவரை இது வடிவின் இடம்."