மாடியில அண்ணி, படியில நான்

ஒரு ஊர்ல ஒரு மொட்டை மாடி. சிரிக்காத. ராஜா கதை நேத்தே சொல்லியாச்சு, இன்னிக்கு மாடிக் கதைதான். அந்த மாடியில டிவிக்குப் பெரிய டிஷ் ஒண்ணு, சின்ன டிஷ் ஒண்ணு. ரெண்டோட ஒயரும் ஒரு குட்டி சுவிட்சுப் பொட்டிக்குள்ள போவும். அங்கேருந்து ஒரே ஒயரா கீழ ரிசீவருக்கு எறங்கும். "ம்" கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

அப்போ உங்க தாத்தா, அதான் எங்க அண்ணன், துபாயில இருந்துச்சு. வீட்ல எங்கம்மா, எங்க அண்ணி, அதான் உங்க பாட்டி வளர்மதி, அப்புறம் நான். அண்ணன் மொகத்தைப் பாத்து மூணு வருசம். போன்ல குரல் மட்டுந்தான். ஒரு நாள் போன்ல சொல்லுச்சு, "பொங்கலன்னிக்கு சாயந்தரம் டிவியில எங்களைக் காட்டுறாங்க. ஒரு தடவைதான் காட்டுவாங்க, பாத்துருங்க."

அண்ணிக்குத் தலைகால் புரியல. புருசன் டிவியில வர்றதுக்கு, வீட்டுக்கே வர்ற மாதிரி கழுவுனாங்க. வாசல், கூடம், அப்புறம் மாடி. சளக் சளக்குன்னு தண்ணிய ஊத்தி டிஷ்ஷையும் தேச்சு விட்டாங்க. சாயந்தரம் டிவியப் போட்டா, சிக்னல் இல்லைன்னு நிக்குது.

அப்போ என்ன, அண்ணி மாடிக்கு ஓடுனாங்க. அம்மா டிவி முன்னாடி ரிமோட்டோட. நடுப்படியில நான். கீழ சொல்றது மேல கேக்காது, மேல சொல்றது கீழ கேக்காது. நாந்தான் தந்தி.

"கழுவுன லட்சணத்தைப் பாருடி"ம்பாங்க அம்மா. நான் மேல பாத்து, "இன்னும் வரலையாம் அண்ணி"ம்பேன். "உங்கம்மாவுக்கு ரிமோட்டு புடிக்கத் தெரியுமா?"ம்பாங்க அண்ணி. நான் கீழ பாத்து, "இன்னொரு தடவை அமுக்குவியாம்மா"ம்பேன். அப்படியே சொல்லியிருந்தா அன்னிக்குப் பொங்கப்பானை உடைஞ்சிருக்கும்.

மொதல்ல ரிசீவர்ல சுவிட்சு செட்டிங்கை மாத்துனோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. டிக் டிக் டிக். வந்துச்சா? வரல.

அப்புறம் டிஷ்ஷு மூஞ்சியில இருக்குமே கண்ணு, அதைக் கழட்டிட்டுப் பக்கத்து வீட்டுக் கண்ணை வாங்கி மாட்டுனாங்க. டொக்கு டொக்குன்னு தட்டியும் பாத்தாச்சு. வந்துச்சா? வரல.

அப்புறம் அவங்க கண்ணைத் திருப்பிக் குடுத்துட்டு, நான் ரிசீவரையே இடுப்புல தூக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடுனேன். அங்க போட்டா பளிச்சுன்னு படம் தெரியுது. திரும்பத் தூக்கிட்டு வந்து நம்ம வீட்ல மாட்டுனா... ம், நீயே சொல்லு. வரல.

"ரிசீவரு நல்லாருக்கு, கண்ணும் நல்லாருக்கு. அப்போ நடுவுல இருக்கிற பொட்டிதான்"னு அண்ணி சுவிட்சுப் பொட்டியக் கழட்டிக் குலுக்குனாங்க. களக் களக். உள்ள காலையில ஊத்துன தண்ணி. அண்ணி பொட்டியத் தூக்கி ஓரமா வச்சாங்க. பெரிய டிஷ்ஷோட ஒயரையும் கீழ போற ஒயரையும் நேரா ஒண்ணா வச்சு, வெறும் கையால அழுத்திப் புடிச்சாங்க. கொய்ங்! கீழ பாட்டு கேக்குது.

"வந்துருச்சு அண்ணி!"

கைய எடுத்தா போயிருது. புடிச்சா வருது. அங்க யாரு யாரோ வாழ்த்து சொல்றாங்க, அண்ணன் எப்ப வருமோ தெரியாது. யாருக்காகக் கழுவுனாங்களோ அவரைப் பாக்க முடியாம அண்ணி மாடியிலயே நின்னாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. படியில நின்னு கம்பி வழியா கீழ டிவிய எட்டிப் பாத்தேன். நெத்தியில முடி கொட்டிப்போயி, எளைச்சுப்போயி அண்ணன் வந்துச்சு. "அண்ணன் அண்ணி!"ன்னு மேல பாத்துக் கத்துனேன். எல்லாரும் பொங்கல் வாழ்த்துன்னாங்க. அண்ணன் வாழ்த்தே சொல்லல.

"என்னடி சொல்றார்?"னு மேலேருந்து குரல்.

இந்தத் தடவை மட்டும் ஒரு சொல்லுகூட மாத்தாம சொன்னேன். "வளரு, நீ மாடியிலதான் நிப்ப, எனக்குத் தெரியும். கீழ எறங்கி வா புள்ள. அடுத்த மாசம் நான் வர்றேன்."

அண்ணி கைய விட்டுட்டாங்க. படம் போயிருச்சு. அம்மா திட்டவே இல்ல. ரிமோட்டை வச்சுட்டு அவங்களே படியேறி மேல போனாங்க.

இப்பவும் உங்க தாத்தா டிவியப் போட்டா மொதல்ல என்ன சொல்றார்? "வளரு, கீழ வா"ங்கறார்ல. உங்க பாட்டி அடுப்படியிலதான் இருப்பாங்க. இருந்தாலும் அப்படித்தான் கூப்புடுவார்.

ம் சத்தத்தைக் காணோமே. சரி, கதை கீழ எறங்கியாச்சு, நீயும் கண்ணை மூடு.