நான்கு குன்றிமணி அகலம்

குளத்தங்கரைக் கோரைப்புல்லில் செம்பி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. குட்டிகளுக்கு இன்னும் ஓடத் தெரியாது. ஒரு நாள் கட்டையன் என்ற காட்டுப்பன்றி அங்கே வந்து மண்ணை மோந்து பார்த்தது.

“கிழங்கு நன்றாக இறங்கியிருக்கிறது. மூன்றாம் நாள் இந்தக் கரை முழுவதையும் கிளறப்போகிறேன். உன் பொடிசுகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பு.”

“இந்தக் கோடையில் வேறு எங்கே புல் இருக்கிறது? வழக்குக்கு வா” என்றது செம்பி.

பன்றி உருண்டு உருண்டு சிரித்தது. “வருகிறேன், வருகிறேன்.”

அந்தக் காட்டில் வழக்கு என்றால் விளாங்காய் அடிப்பது. வறண்ட ஓடை ஒன்று நேராகப் போய்ச் செங்குத்தான பாறையில் முட்டும். பாறைக்குச் சற்று முன்னால், வலப்பக்கக் கரையில், மருதமரத்தின் வேர்ப்பொந்து இருக்கிறது. காய் அந்தப் பொந்துக்குள் விழ வேண்டும். ஆளுக்கு மூன்று அடி. இருவருக்கும் விழாவிட்டால் பெரிய உடம்புக்கே இடம். வழக்குக்கு அழைக்கப்பட்டவர்தான் காயைக் கொண்டுவருவார்.

செம்பி அன்றைக்கே ஒரு விளாங்காயை உருட்டிக்கொண்டு ஓடைக்குப் போனது. பின்னங்காலால் காயின் நடுவில் உதைத்தது. காய் பாறையில் மோதி, போன வழியே திரும்பி வந்தது. கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி உதைத்தது. இப்போது காய் பாறையில் பட்டதும் வலப்பக்கம் ஒதுங்கியது.

“இது ஏன்?” என்று செம்பி காதை நிமிர்த்தியது.

பாறைமேல் நின்ற கொக்குதான் வழக்குக்கு நடுவர். “என்ன செம்பி, காயோடு பேச்சு?”

“கொக்கண்ணே, இந்தக் காய்மேல் ஒரு எச்சம் போடேன்.”

“என்னிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டு வாங்கியதில்லை” என்றது கொக்கு. ஆனாலும் போட்டது.

வெள்ளைப் புள்ளி விழுந்த பிறகு காய் சுழல்வது தெளிவாகத் தெரிந்தது. செம்பி குன்றிமணிகளைப் பொறுக்கி வந்து, காயின் நடுவிலிருந்து பக்கவாட்டில் வரிசையாக வைத்து அளந்தது. ஒரே வேகத்தில் உதைத்தது. ஒரு மணி தள்ளி உதைத்தால், பாறையை அடைவதற்குள் புள்ளி ஒரு சுற்று பக்கவாட்டில் சுழன்றது. இரண்டு மணிக்கு இரண்டு சுற்று. மூன்று மணிக்கு மூன்று. அப்போது காய் பாறையில் பட்டு, சரியாகப் பொந்துக்குள் போனது. நான்கு மணி தள்ளி உதைத்தபோது கால் வழுக்கிக் காய் முள்ளுக்குள் ஓடியது.

“மூன்று மணி. அதுதான் கணக்கு” என்று செம்பி கொக்கிடம் சொல்லிவிட்டுக் குட்டிகளிடம் போனது.

மூன்றாம் நாள் கட்டையன் ஒரு காயைக் கொண்டுவந்து போட்டது. அது செம்பி பழகிய காயைவிடப் பெரியது.

முதலில் கட்டையன் அடித்தது. நடுவில் ஓங்கி ஒரு முட்டு. காய் பாறையில் மோதித் திரும்பி வந்து அதன் மூக்கிலேயே இடித்தது.

“பாறைக்கு உன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது” என்றது கொக்கு.

செம்பி மூன்று மணி அளந்து உதைத்தது. காய் வலப்பக்கம் திரும்பியது. ஆனால் போதுமான அளவு திரும்பவில்லை. பொந்தைத் தாண்டி நின்றுவிட்டது. கட்டையன் இன்னும் ஓங்கி முட்டியது. காய் இன்னும் வேகமாகத் திரும்பி வந்தது. செம்பி மறுபடியும் மூன்று மணிக்கே உதைத்தது. மறுபடியும் அதே இடம்.

“ஓரத்தில் அடிப்பதுதானே சூட்சுமம்” என்று கட்டையன் மூன்றாவது அடியைக் காயின் விளிம்பிலேயே இடித்தது. மூக்கு வழுக்கியது. காய் புதருக்குள் போய் விழுந்தது.

செம்பிக்கு இன்னும் ஒரே ஓர் அடி. கோரைப்புல் பக்கம் குட்டிகளின் சத்தம் கேட்டது. செம்பி உதைக்கவில்லை. குன்றிமணிகளை எடுத்துக் காயின் முழு அகலத்தையும் அளந்தது.

“என்ன செய்கிறாய்?” என்று கேட்டது கொக்கு.

“பழைய காய் பன்னிரண்டு மணி அகலம். அதில் கால் பங்கு மூன்று. இது பதினாறு மணி அகலம். இதில் கால் பங்கு நான்கு.”

“நான்கு வழுக்கும் என்று நீதானே பார்த்தாய்?”

“வழுக்கியது சின்னக் காயில், கொக்கண்ணே. அதில் நான்கு என்பது விளிம்புக்குப் பக்கம். இதில் விளிம்பு இன்னும் தூரத்தில் இருக்கிறது.”

செம்பி நான்கு மணி தள்ளி, அதே வேகத்தில் உதைத்தது. கால் வழுக்கவில்லை. காய் சுழன்றுகொண்டே போய்ப் பாறையில் பட்டு, வலப்பக்கம் திரும்பி, பொந்துக்குள் விழுந்தது.

கட்டையன் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு பாறையைப் பார்த்தது. “இது எப்படி என்று எனக்கும் காட்டுவாயா?” என்று கேட்டது.

“காட்டுகிறேன். ஆனால் குளத்தங்கரைப் பக்கம் வராதே” என்றது செம்பி.

நேற்றுப் போட்ட கணக்கு சரியாகவே இருந்தாலும், இன்று கையில் இருக்கும் பொருளை அளந்த பிறகே அதை நம்ப வேண்டும்.