பத்தாயிரம் ஓலையும் ஒரு பட்டியலும்

முன்னொரு காலத்தில் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள். அப்போதிருந்த ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை. "உங்களுக்கு என்ன குறை?" என்று ஊர் ஊராகக் கேட்டு, சனங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவரச் செய்தார். வந்து குவிந்தது பத்தாயிரம் ஓலை.

அரண்மனை எழுத்தர்களுக்குத் தலைவர் ஓலைநாயகம் பொற்கிழார். விகடகவி அம்பலக்கூத்தனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். தன் எழுத்தர்கள் முப்பது பேர் பிரித்தால் முப்பது விதமாகப் பிரிப்பார்கள், ஒரே புத்தி போதும், அது கூத்தன் புத்தியாகவே இருக்கட்டும் என்று ராஜாவின் காதில் ஓதினார். எந்தக் குறை எத்தனை பேருக்கு என்று பொழுது சாய்வதற்குள் கூத்தன் சொல்ல வேண்டும், வேறொருவர் புத்தி கலந்தால் நாட்டைவிட்டே போக வேண்டும் என்று ராஜாவும் ஆணையிட்டுவிட்டார். பாவி மனுஷன், ஒரு கணம் யோசிக்கவில்லை.

கூத்தன் அசரவில்லை. போன வருஷம் ராஜா தலைநகரில் மட்டும் இப்படிக் கேட்டபோது, ஐந்நூறு ஓலையைப் படித்து அவன் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். கேணி, ஊருணி, கால்வாய், தாகம் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த ஓலை போய் விழ வேண்டியது தண்ணீர்ப் பானை. சேறு, பள்ளம், அச்சு முறிவு என்றால் பாதைப் பானை. இப்படி இருபது பானை. எதிலும் சேராததற்கு மூலையில் ஒன்று. நந்தவனத்தில் பூக்கட்டுகிறவர்களில் படிக்கத் தெரிந்த நாற்பது பேருக்கு அந்தப் பட்டியலைப் படியெடுத்து ஓலைகளோடு கொடுத்தான். பிற்பகலிலேயே வேலை முடிந்தது.

நாற்பது பேர் புத்தி கலந்துவிட்டது என்று பொற்கிழார் சபையில் குதித்தார்.

"மகாராஜா, எந்தச் சொல் எந்தப் பானைக்கு என்று யோசித்தது நான் ஒருவன். இவர்கள் கண்ணையும் கையையும் மட்டுமே தந்தார்கள். ஐயமிருந்தால் வேறு யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள்" என்றான் கூத்தன்.

நாலு பானையைக் கொட்டிக் கலந்து, பட்டியலோடு மடைப்பள்ளி ஆட்களிடம் கொடுத்தார் ராஜா. ஓர் ஓலைகூட இடம் மாறவில்லை.

மூலைப் பானையைக் கூத்தனே படித்தான். முப்பத்தேழு ஓலை. அத்தனையிலும் ஒரே குறை: ஓலைநாயகத்தின் எருமைகள் எங்கள் நாற்றங்காலை மேய்கின்றன.

"போன வருஷம் இந்தக் குறை வரவில்லை, மகாராஜா. அதனால் பட்டியலில் சொல் இல்லை. சேர்த்துவிடலாமா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். எருமைகளை அந்த முப்பத்தேழு பேருக்கும் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். பிறகு எழுத்தாணியைப் பொற்கிழாரிடம் நீட்டி, இருபத்தோராவது பானைக்கு அவர் பெயரை அவர் கையாலேயே எழுதவைத்தார்.