கொட்டாவிப்பட்டியில் காற்றுக்குச் சட்டம் போட்ட கதை

கொட்டாவிப்பட்டிக்காரர்கள் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அவ்வளவுதான் தொந்தரவு.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே அறை. ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ‘வகுப்பறைக் காற்று சுத்தமாக இருக்க ஊர்ச்சபை சட்டம் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து அளந்து பார்ப்பார். தேறாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவோம்.’

மூடினால் பிள்ளைகள் ஆற்றைத் தாண்டி அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும். செவந்தியின் மகள் பவுனு இப்போதுதான் ‘அ’ எழுதப் பழகியிருந்தாள். நீச்சல் பழகவில்லை.

சபை கூடியது. “சுத்தம்னா என்ன?” என்று கேட்டார் தலைவர் குப்பண்ணன்.

“வெளிய போயிட்டு வந்தா காலைக் கழுவிட்டு உள்ள வரணும். அதானுங்க சுத்தம்” என்றாள் செவந்தி.

“அப்ப காத்தும் கழுவிட்டு வரட்டும். எழுதுங்க சட்டம்!”

சன்னலுக்குச் சன்னல் அண்டாவில் தண்ணீர் வைத்தார்கள். மேலே பலகை மாட்டினார்கள்: ‘காற்றே, காலைக் கழுவிவிட்டு உள்ளே வா.’

“காத்துக்குப் படிக்கத் தெரியுமா?” என்றார் சபை உறுப்பினர் மாசிலாமணி. கூட்டமே ஆடிப்போய்விட்டது.

“பள்ளிக்கூடத்துக்குத்தானேய்யா வருது? கத்துக்கும்” என்றார் தலைவர்.

மறுநாள் புழுதிக்காற்று அடித்தது. அண்டாவில் ஒரே மண். “பாத்தீங்களா, கழுவிட்டுத்தான் போயிருக்கு!” என்று ஊரே துள்ளியது. கழுவின காற்று ஓடிவிடக் கூடாதே என்று சன்னலைச் சாத்தி, இண்டு இடுக்கெல்லாம் களிமண் வைத்துப் பூசினார்கள்.

மாசிலாமணி ஒரு பாடவேளை முழுக்க உள்ளே உட்கார்ந்து கவனித்தார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. “தலைவரே, பிள்ளைங்க நல்ல காத்தை உள்ள இழுத்து, பழசாக்கி வெளிய விடுதுங்க.”

“எல்லாப் பிள்ளைங்களுமா?”

“வாத்தியாரும்தான்.”

உடனே அடுத்த சட்டம்: வகுப்பறையில் யாரும் மூச்சு விடக் கூடாது. பவுனு கன்னத்தை உப்பிக்கொண்டு ‘ஆ’ வரைக்கும் தாக்குப்பிடித்தாள். அதற்குமேல் முடியவில்லை. எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, காற்றை மட்டும் வகுப்பில் விட்டுப் பூட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கதவைத் திறந்து உள்ளே போய்ப் பெட்டியை வைத்து அளந்தார். “அடேயப்பா! தேறிடுச்சு. ஆனா இந்தக் காத்து எப்பவும் இப்படியே இருக்கணும். குறைஞ்சுதுன்னா மூடிருவோம்.”

அவர் கிளம்பியதும் செவந்தி இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டாள்.

“ஐயா, உள்ள நின்னு முப்பத்திரண்டு மூச்சு இழுத்தீங்க. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். அதை வெச்சுட்டுப் போங்க. குறைஞ்சா எங்க பள்ளிக்கூடத்தை மூடிருவீங்களே!”

அதிகாரி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் குனிந்து அறைக்குள் ‘ஃபூ’ என்று ஊதினார். அடுத்ததை ஊத மூச்சு இழுத்தார்.

“ஐயோ, வெச்சதை மறுபடி எடுத்துட்டாரு!” என்று கத்தினார் மாசிலாமணி.

“முதல்லேருந்து ஊதுங்க” என்றார் தலைவர்.

பஸ் போய்விட்டது. அதிகாரி ஊதிக்கொண்டே இருந்தார். பாவம் என்று செவந்தி சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். குழம்பு சூடாக இருந்ததால் அதை ஊதி ஊதிச் சாப்பிட்டார்.

“அய்யய்யோ, நம்ம காத்தைக் குழம்புக்குள்ள விடறாரே!” என்று தலைவர் தட்டைப் பிடுங்கி, குழம்பை வகுப்பறைக்குள் கொட்டிக் கதவைப் பூட்டினார்.